மெகா டிரைவ்ல கலர் கூட்டணும்னா திரைய மினுக்க விடாதீங்க

மெகா டிரைவ் மாதிரி பழைய கேம் கன்சோலுக்கு இப்பவும் கேம் எழுதுற நண்பர்கள் நிறைய பேர் செய்ற ஒரு வேலை எனக்கு சுத்தமா பிடிக்கல, அதச் சொல்லியே ஆகணும். ஒரு ஃபிரேம்ல (டிவி அடுத்தடுத்து காட்டுற படத்துல ஒண்ணு) ஒரு கலர், அடுத்த ஃபிரேம்ல வேற கலர்னு மாத்தி மாத்திக் காட்டி, பாருங்க புதுசா ஒரு நிறம் கிடைச்சிருச்சுங்கிறது.

செகா மெகா டிரைவ் 1988ல வந்தது. மொத்தம் 512 நிறம், ஆனா ஒரே நேரத்துல சாதாரணமா 61தான் காட்ட முடியும், 16 நிறம் வச்ச நாலு பேலட் (நிறப் பட்டியல்), ஒவ்வொண்ணுலயும் முதல் இடம் டிரான்ஸ்பரன்ட்டா போயிரும், மிச்சம் 60, அதோட பின்னணி நிறம் ஒண்ணு. பத்தாதுதான், ஒத்துக்கறேன். நானும் ஒரு டெமோவுல நிழலுக்கு இந்த மினுக்குற வழியப் போட்டுப் பார்த்தேன், தங்கச்சி பையன் அஞ்சு நிமிஷத்துல கண்ணக் கசக்க ஆரம்பிச்சுட்டான், அன்னைக்கே எடுத்துட்டேன். செகண்டுக்கு 60 ஃபிரேம் காட்டுற டிவில ஒவ்வொரு நிறமும் செகண்டுக்கு 30 தடவதான் வருது, 50 ஃபிரேம் காட்டுற PAL முறை டிவின்னா 25 தடவ, அது இன்னும் மோசம். ரெண்டு நிறத்தோட வெளிச்சமும் ஒரே அளவா இருந்தா கொஞ்சம் அடங்கும், ஏன்னா கண்ணுக்கு நிறம் மாறுறத விட வெளிச்சம் மாறுறதுதான் சட்டுனு தெரியும், ஆனா நிழல்ங்கிறதே வெளிச்ச வித்தியாசம்தானே? மினுக்குற வெளிச்சத்தால வலிப்பு வர்றவங்களும் இருக்காங்க, அத யாரும் யோசிக்கிறதே இல்ல.

மினுக்காத வழி அந்த மெஷின்லயே இருக்குங்க. 1991ல வந்த சோனிக் கேம்ல, கிரீன் ஹில்ங்கிற கட்டத்துல வர்ற அருவியப் பாருங்க, ஒரு கோடு விட்டு ஒரு கோடு செங்குத்தா வரைஞ்சிருப்பாங்க. மஞ்சள் பின் கம்போசிட் வயர்ல அவ்வளவு நுணுக்கமான வித்தியாசம் தாங்காது, பக்கத்து பிக்சல் ரெண்டும் கலங்கி, பின்னாடி இருக்கறது தெரியுற தண்ணியா மாறிடும். அதே கேம்ல லேபிரிந்த் ஸோன்ல தண்ணி மட்டத்துக்குக் கீழ எல்லாமே வேற நிறமாயிருக்கும், டிவி பாதி திரைய வரைஞ்சு முடிச்சப்போ இன்டரப்ட் (குறிப்பிட்ட வரி வந்ததும் கேமுக்கு வர்ற சிக்னல்) வச்சு பேலட்டையே மாத்துறாங்க. ஒரே ஃபிரேமுக்குள்ள ரெண்டு பேலட், ஒரு துளி மினுக்கம் கிடையாது! இது போக ஷேடோ ஹைலைட் மோடுன்னு ஒண்ணு, இருக்கற நிறத்தையே மங்கலாவும் பளிச்சுனும் காட்டும், நிழலுக்கு நான் கடைசில அதத்தான் போட்டேன்.

அருவி விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு, எச்டிஎம்ஐல போட்டா கோடு கோடா பல்லிளிக்கும். அதுக்கு அந்த வயர் மாதிரியே கலக்கிக் காட்டுற கம்போசிட் ஃபில்டர் இருக்கு, எமுலேட்டர்ல (பழைய கன்சோல் கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) ஆன் பண்ணா போதும். மினுக்குற நிழலுக்கு அப்படி ஈஸியா ஒண்ணும் இல்ல, 30 ஃபிரேம்ல வீடியோ ரெக்கார்ட் பண்ணீங்கன்னா நிழலே காணாமப் போகும், இல்ல கட்டி இருட்டா அப்பிக்கும்.

அடுத்த டெமோவுல வானத்த வரிக்கு வரி பேலட் மாத்திப் போடப் போறேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல சில நிறம் மாத்தத்தான் நேரம் கிடைக்கும், அந்தி வானத்துக்கு அது தாராளம்.