வேக அட்டவணையைக் காட்டுங்கள், பிறகு வரைபடத்தைப் பேசலாம்

"மக்களில் இத்தனை சதவீதம் பேர் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்விடலாம்" என்று பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிய வரைபடத்தோடு ஓர் அறிக்கை வந்தால், முதலில் புரட்ட வேண்டியது அதன் பின்னிணைப்பை. எந்தச் சாலைக்கு என்ன வேகம் வைத்தார்கள்? சாலை இல்லாத இடத்தில் ஆள் எப்படி நகர்கிறார்? மருத்துவமனைப் பட்டியல் எங்கிருந்து வந்தது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தச் சதவீதத்தை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-லேயே முடித்துவிட்டார். இன்றைய மென்பொருள் எதுவானாலும் அந்தப் பகுதியைச் சரியாகவே செய்யும். கோளாறு நாம் உள்ளே கொடுப்பதில்தான் இருக்கிறது.

மருத்துவமனையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் போடும் பழக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நடுவில் பாலமில்லாத ஆறு ஒன்று ஓடினால் வட்டத்தின் பாதி பொய்.

பயண நேரம் கணக்கிட இரண்டு வழி உண்டு. ஒன்று, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகளை எடுத்து, ஓஎஸ்ஆர்எம் போன்ற வழி கண்டுபிடிக்கும் கருவியில் ஓட்டுவது. சாலைகள் ஒழுங்காகப் பதிவான நகரத்துக்கு இது போதும். ஆனால் வீட்டிலிருந்து சாலை வரைக்குமான நடை இதில் காணாமல் போகும். கருவி வீட்டை அருகிலுள்ள சாலையில் ஒட்டிவிட்டுக் கணக்கைத் தொடங்கும். சாலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், மணிக்கு 5 கிலோமீட்டர் நடையில் 24 நிமிடம் அங்கேயே மறைந்துவிடுகிறது.

இன்னொன்று, நிலத்தையே கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் கடக்கும் நேரத்தைக் கொடுப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்செஸ்மாட் மென்பொருள் இப்படித்தான் வேலை செய்கிறது. 100 மீட்டர் கட்டத்தை நடந்து கடக்க 1.2 நிமிடம், 50 கிலோமீட்டர் வேகத்தில் 0.12 நிமிடம். நிலப்பரப்பு அடியில், ஆறு தடையாக அதன்மேல், சாலை எல்லாவற்றுக்கும் மேல் என்று அடுக்க வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. ஒரு கட்ட அகலத்தில் சாய்வாக ஓடும் ஆற்றின் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கணக்கு அந்த மூலை வழியே நழுவி, பாலமே இல்லாமல் ஆற்றைத் தாண்டிவிடும். ஆற்றை இரண்டு கட்ட அகலத்துக்குத் தடிமனாக்கினால் இது நிற்கும். பிறகு சாலையும் ஆறும் வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் நிஜமாகப் பாலம் இருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு எந்தத் திருத்தமும் இந்த அளவுக்கு முடிவை மாற்றுவதில்லை. ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் இதையெல்லாம் செய்து பயனில்லை. மூலையில் ஒரு சாலை தொட்டாலே முழுக் கட்டமும் சாலையாகிவிடும்.

மேடு பள்ளத்துக்கு, சரிவைப் பொறுத்து நடை வேகத்தைச் சொல்லும் புவியியலாளர் டோப்ளரின் 1993 சூத்திரம் பயன்படுகிறது. சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 5 சதவீத இறக்கத்தில் உச்சமாக 6. 20 சதவீத ஏற்றத்தில் அது 2.5 ஆகிவிடும், அதே சரிவில் இறங்கும்போது 3.5. ஆகவே திசை முக்கியம். கணக்கு நோயாளியிடமிருந்து மருத்துவமனையை நோக்கி ஓட வேண்டும். இதுவும் நல்ல உடல்நிலையில் உள்ளவரின் நடை. நிறைமாதக் கர்ப்பிணியின் நடை இல்லை.

இனி வேக அட்டவணை. சட்டம் அனுமதிக்கும் வேகத்தை அப்படியே போட்டால் எல்லோரும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருப்பது போல் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரும்பாலான சாலைகளுக்கு வேகக் குறிப்பே கிடையாது, கருவி சாலை வகையைப் பார்த்து ஊகிக்கிறது. மண் பாதைக்கு அது ஊகிக்கும் எண் மழைக்காலத்தில் செல்லாது. ஓர் ஐம்பது வழித்தடங்களுக்காவது ஆம்புலன்ஸ் பதிவேட்டிலிருந்தோ ஜிபிஎஸ் தடத்திலிருந்தோ நிஜ நேரத்தை எடுத்துக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிழை மண் பாதையில் மட்டும் என்றால் அந்த வகையின் வேகத்தை மட்டும் திருத்துங்கள். மொத்தத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் சரியாக இருந்த நெடுஞ்சாலையும் கெடும்.

மருத்துவமனைப் பட்டியலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும், ஒரே ஆயத்தொலைவில் பத்து நிலையங்கள் குவிந்திருக்கும். இவை கண்ணில் பட்டுவிடும். பட்டியலில் உள்ள கட்டிடத்தில் சேவை இருக்கிறதா என்பதுதான் கண்ணில் படாது. உலக அறுவைசிகிச்சை பற்றிய லான்செட் ஆணையம் 2015-இல் சிசேரியன், வயிற்றைத் திறக்கும் அறுவை, திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை ஆகிய மூன்றையும் செய்யும் இடத்தை இரண்டு மணி நேரத்தில் அடைய முடிகிறதா என்று கேட்டது. கேள்வி அப்படித் துல்லியமாக இருக்க வேண்டும். இரவில் மயக்க மருந்து நிபுணர் இல்லாத மருத்துவமனையைச் சிசேரியன் கணக்கில் சேர்த்தால் வரைபடம் பச்சையாகும், அவ்வளவுதான்.

மக்கள்தொகையிலும் ஒரு சுற்று வாதம் ஒளிந்திருக்கிறது. 100 மீட்டர் கட்டத்துக்கு இத்தனை பேர் என்று சொல்லும் வேர்ல்ட்பாப் போன்ற தரவுகள், கணக்கெடுப்பு எண்ணைப் புள்ளியியல் மாதிரி ஒன்றின் மூலம் நிலத்தில் பரப்புகின்றன. அந்த மாதிரி எடுத்துக்கொள்ளும் காரணிகளில் சாலைக்கு உள்ள தூரமும் ஒன்று. மக்களைச் சாலையோரம் குடிவைத்துவிட்டு, பிறகு "சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்" என்று கண்டுபிடிக்கிறோம்! கட்டிடத் தடங்களை, அதாவது மேலிருந்து பார்த்தால் தெரியும் கட்டிட எல்லைகளை, வைத்துப் பரப்பிய தரவு கிடைத்தால் அதையும் வைத்து ஒருமுறை ஓட்டி, வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

வாகனம் எல்லோரிடமும் இருப்பதாக வைத்துக்கொள்வது இன்னொரு வசதியான ஊகம். பேருந்துக்கு, காலை 7 முதல் 9 வரை ஒவ்வொரு நிமிடமும் கிளம்புவதாக வைத்து அந்தப் பயண நேரங்களின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுக்க வேண்டும். ஒரே ஒரு கிளம்பும் நேரம் தற்செயலான விடையைத்தான் தரும். ஆம்புலன்ஸ் என்றால் அது வரும் நேரம், ஏற்றும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் சேரும். ஒருவழிக் கணக்கை ஆம்புலன்ஸ் கணக்கு என்று போடுவது ஏமாற்று.

மருத்துவர் எண்ணிக்கையையும் சேர்க்க விரும்பினால் மிதக்கும் சேவைப்பரப்பு முறை இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையின் மருத்துவர் எண்ணிக்கையை அதைக் குறித்த நேரத்தில் அடையக்கூடிய மக்களால் வகுத்து, ஓர் ஊர் அடையக்கூடிய மருத்துவமனைகளின் விகிதங்களைக் கூட்டுவதுதான் இது. 40,000 பேருக்கு 4 மருத்துவர் என்றால் ஆயிரம் பேருக்கு 0.1, 30,000 பேருக்கு 6 என்றால் 0.2, இரண்டையும் அடைய முடிந்த கிராமத்துக்கு 0.3. இதுவும் அதே பயண நேரத்தின் மேல்தான் நிற்கிறது, கீழே இருப்பது தப்பானால் இதுவும் தப்பு.

வெளியிடும்போது சராசரி வேண்டாம். 30, 60, 120 நிமிடத்துக்குள் எத்தனை பேர், அதற்கு அப்பால் எத்தனை பேர் என்று தலைக்கணக்காகச் சொல்லுங்கள். எல்லையோரப் பகுதிக்கு அண்டை மாவட்டத்து மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகங்களை 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் மீண்டும் ஓட்டி, நிறம் மாறும் இடங்களைத் தனியாகக் கோடிட்டுக் காட்டுங்கள். புது நிலையம் எங்கே கட்டலாம் என்ற பேச்சு அந்தக் கோடிட்ட பகுதிகளுக்கு வந்தால், முதலில் நேரில் போய் நேரத்தை அளந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.