டிவியில் எப்போது வருவாய் என்று கேட்பதை நிறுத்துங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்து பருப்பையும் பப்படத்தையும் பிசைந்து முதல் உருண்டையை எடுக்கிறேன். எதிர் வரிசையிலிருந்து மாமா ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்: "மக்களே, நீ எப்பம்டே டிவியில வருவ? கோல்ஃப் ஆடுகவனுக்கெல்லாம் கோடி கோடியா குடுக்கானாமே, நீ இன்னும் பஸ்ஸுலதான வாற?"

பந்தியே சிரித்தது. நான் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. 17 வருஷமாக வெளியூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பயிற்சியாளனாக இருக்கிறேன். இந்த 17 வருஷமும் ஊருக்கு வரும்போதெல்லாம் இதே கேள்வி. வடசேரி பஸ் ஸ்டாண்டில், முடிவெட்டும் கடையில், துஷ்டி வீட்டில்கூட.

ஆசான் என்றால் யார் என்று நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வர்மம் படித்த ஆசான், சிலம்பம் பழக்குகிற ஆசான் என்று ஊருக்கு ஒருவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்களில் யாரிடமாவது போய், "நீரு எங்க ஜெயிச்சீரு, எவ்வளவு துட்டு கிடைச்சு?" என்று கேட்டிருக்கிறோமா? கேட்க நாக்கு வருமா? அங்கே சொல்லிக்கொடுப்பதே ஒரு மரியாதை. என்னிடம் வரும்போது மட்டும் சொல்லிக்கொடுப்பது தோற்றுப்போனவன் வேலையாகிவிடுகிறது.

கோல்ஃபில் புரொபஷனல் என்கிற ஒரே பெயருக்குள் இரண்டு தொழில் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடிப் பரிசுப் பணத்தில் வாழ்கிறவர் ஒருவர், அதை டூர் என்பார்கள். ஒரே கிளப்பில் இருந்து, வருகிறவர்களுக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, உள்ளூர்ப் போட்டிகளை நடத்தி, விதி தெரியாமல் சண்டை வந்தால் தீர்த்துவைக்கிறவர் இன்னொருவர். அமெரிக்காவில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே சங்கத்தில்தான் இருந்தன. 1968இல் போட்டி ஆடுகிறவர்கள் பிரிந்துபோய்த் தனி அமைப்பு வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பழைய பிரிவு இது. நான் இரண்டாவது வகை. விரும்பித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

அந்தப் பக்கமும் ஆடிப் பார்த்தேன். 2 வருஷம், 11 போட்டி. 4 நாள் போட்டியில் முதல் 2 நாள் முடிந்ததும் 'கட்' என்று ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான், கையில் ஒரு பைசா வராது. நுழைவுக் கட்டணம், லாட்ஜ் வாடகை, பை சுமப்பவருக்குக் கூலி, ரயில் டிக்கெட் எல்லாம் நம் பாக்கெட்டிலிருந்து. 11இல் 8 தடவை கோட்டுக்குக் கீழே நின்றேன். ராத்திரி ரயிலில் ரிசர்வ் இல்லாத பெட்டியில் கழிவறைக் கதவுப் பக்கம் கோல்ஃப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறேன். டிவியில் இதைக் காட்ட மாட்டார்கள் மாமா.

மாமாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது. கோல்ஃப் தெரிந்தவர்கள், தினமும் ஆடுகிறவர்கள், அதே கேள்வியை வேறு விதமாக என்மேல் போடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

ஞாயிறு ராத்திரி விழித்திருந்து அமெரிக்கப் போட்டி பார்க்கிறார்கள். அடுத்த தடவை கிளப்புக்கு வரும்போது பாருங்கள். 200 கெஜம் அடிக்கத் திணறுகிற ஒருவர், போட்டிக்காரர்கள் ஆரம்பிக்கிற கடைசிக் கோட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்கிறார். அவர் பார்த்த மைதானம் 7000 கெஜத்துக்கு மேல், அடித்தவர்கள் சராசரியாக 300 கெஜம் அடிக்கிறவர்கள். பந்து புதருக்குள் போகும். உடனே தேடல். டிவியில் பந்து காணாமல்போனால் ஆயிரம் பேர் கூட்டம் காட்டிக்கொடுக்கும், கொடி வைத்துக்கொண்டு ஆள் நிற்பான். இங்கே மூன்று நண்பர்களும் ஒரு கிழவரும்தான் தேட வேண்டும். 5 நிமிஷமாக இருந்த தேடும் நேரத்தை 2019இல் விதியில் 3 நிமிஷமாகக் குறைத்துவிட்டார்கள். சொன்னால் முறைக்கிறார்கள்.

பிறகு கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், நடப்பதுதான் என் வயிற்றெரிச்சல். குழி ஆறடி தூரத்தில் இருக்கும். மனிதர் நாலு பக்கமும் சுற்றி வருவார், குத்தவைப்பார், ஒற்றைக் கண்ணை மூடுவார், மட்டையைத் தூக்குநூல் மாதிரி தொங்கவிட்டுப் பார்ப்பார். எழுந்து மூன்று தடவை காற்றில் ஆட்டுவார். அடித்தால் குழியை ஒரு முழம் தள்ளிப் போகும். மறுபடியும் முதலிலிருந்து. தன் முறை வந்தபின் ஓர் அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்காதீர்கள் என்று விதிப் புத்தகமே சொல்கிறது, தயாராக இருக்கிறவர் முதலில் அடிக்கலாம் என்றும் சொல்கிறது. டிவியில் ஆடுகிறவனுக்கு அந்த ஒரு அடியில் வீட்டுக் கடன் தீரும். அவன் நிற்கிறான் என்றால் நிற்கட்டும். அவன் நிற்பதே நீண்டுபோகிறது என்று அவன் ஊரிலேயே புகார். உங்களுக்கு எதற்கு இந்த நிதானம்? தோற்றால் நண்பனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள்.

நாலு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் ஐந்தரை மணி நேரம் இழுக்கிறது. பின்னால் வெயிலில் மூன்று குழு நிற்கிறது. அதில் அறுபது தாண்டிய அக்கா ஒருவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் இரண்டு பேர். இருட்டிவிடும், பாதியில் திரும்பிப் போவார்கள். திரும்பிப் போகிறவர்கள் யாரும் என்னிடம் சண்டை போடுவதில்லை. அடுத்த மாதம் வராமல்போய்விடுவார்கள்.

சொல்லிக்கொடுக்க நிற்கும்போது போனை நீட்டுவார்கள். உலகத்தின் முதல் வரிசை வீரன் ஒருவன் மட்டையைச் சுழற்றும் வீடியோ. "இதே மாதிரி ஆக்கிவிடுங்கள்." அந்தப் பையன் சின்ன வயதிலிருந்து தினமும் அடித்து வளர்ந்தவன், அவன் இடுப்பு வேறு. நீங்கள் ஷூ கயிறு கட்டவே நாற்காலி தேடுகிறீர்கள். உங்கள் முதுகுக்கு ஏற்ற அரைச் சுழற்சி ஒன்று இருக்கிறது. அதில் பந்து நேராகப் போகும், எழுபது வயதுவரை ஆடலாம். அதைச் சொன்னால், "நீங்க டூர் ஆடலை இல்லையா, அதான்" என்கிறார்கள். முகத்துக்கு நேராக.

இதையெல்லாம்கூட விழுங்கிக்கொள்வேன். போன வருஷம் நடந்ததை விழுங்க முடியவில்லை.

கோல்ஃபில் பை சுமந்து கூடவே நடப்பவரைக் கேடி என்போம். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் ரவுடி என்று நினைப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். மைதானத்தின் ஒவ்வொரு புல்லும் அவர்களுக்குத் தெரியும். வருஷத்தில் ஒரே ஒரு திங்கட்கிழமை, மெம்பர்கள் வராத நாளில், அவர்களுக்கென்று ஒரு போட்டி. முதல் பரிசு 5 லிட்டர் குக்கர். அந்த ஒரு நாளுக்காக இரவல் மட்டை வாங்கி, விடியுமுன் வந்து பழகுவார்கள்.

போன வருஷம் பெரிய தொழில்முறைப் போட்டி ஒன்று எங்கள் மைதானத்துக்கு வந்தது. 10 நாள் மைதானத்தை மூடினார்கள். புல்லை நீளமாக வளர்த்தார்கள், பந்தல் போட்டார்கள், விளம்பரப் பலகை நட்டார்கள். கேடிகள் போட்டி அதற்கு முந்தின திங்கட்கிழமை. கிரீன் கெட்டுவிடும், தள்ளிவையுங்கள் என்றது கமிட்டி. அந்த வாரம் அவர்களில் பாதிப் பேருக்குக் கூலியும் இல்லை, வந்த வீரர்கள் தங்கள் ஆட்களையே கூட்டிவந்திருந்தார்கள். தள்ளிவைத்த போட்டி பிறகு நடக்கவே இல்லை.

கேடிகளில் மூத்தவர் ஒரு அண்ணன். வயது 52. முப்பது வருஷமாகப் பை சுமக்கிறார். விஷயம் அவர் காதுக்கு எட்டவில்லை. திங்கள் காலை ஆறு மணிக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை என்னிடம் காட்டி, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் புல் வெட்டும் வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் போய்விட்டார்.

பந்தல் போட்டுக் கொண்டாடுகிறீர்களே அந்தப் பெரிய ஆட்டம், அது எங்கிருந்து வந்தது? 1991இல் இந்தியன் ஓப்பன் என்கிற நம் நாட்டுப் பெரிய கோல்ஃப் போட்டியை ஜெயித்த அலி ஷேர், கேடியாக இருந்து வந்தவர். 2009இல் அதே கோப்பையைத் தூக்கிய முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். 1965இல் அந்தப் போட்டியை ஜெயித்த பி.ஜி.சேத்தி தொழில்முறை வீரர்கூட இல்லை, பரிசுப் பணத்துக்கு ஆடாத ஓர் அமெச்சூர். உள்ளூர் ஆட்டத்தில் முளைத்தவர்கள் இவர்கள். உள்ளூர் ஆட்டத்தை நிறுத்தித்தான் பெரிய ஆட்டத்துக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால், நாற்றங்காலை அழித்து அந்த இடத்தில் நெல் மூட்டை அடுக்குகிறார்கள் என்றுதான் சொல்வேன்.

பெரிய போட்டிகள்மேல் எனக்குப் பொறாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் கோல்ஃபின் கடைசிச் சுற்று. போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். நம் நாட்டு அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் பதக்கத்தை விட்டு நாலாவதாக வந்தபோது அழுதேன். அடுத்த வாரம் 6 பெண்பிள்ளைகளை அப்பா அம்மாமார் கூட்டிவந்தார்கள். ஒரே நாளில் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்! ஆனால் சாயங்காலம் மைதானம் மெம்பர்களுக்கு. காலையில் பள்ளிக்கூடம். சனிக்கிழமை விட்டால், முன்னால் போகிற நாலு பேர் கிரீனைச் சுற்றி வந்துகொண்டிருப்பார்கள். மூன்று மாதத்தில் ஆறில் ஒன்றுகூட மிச்சமில்லை. டிவி அழைத்து வந்த பிள்ளைகள் அவர்கள், டிவி பார்த்து ஆடுகிறவர்கள் துரத்திவிட்டார்கள்.

அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 2023இல் மைக்கேல் பிளாக் என்று ஒருவர் ஆடினார். வயது 46. கலிஃபோர்னியாவில் ஒரு கிளப்பில் என்னைப் போல் சொல்லிக்கொடுப்பவர். அந்தப் போட்டியில் ஒவ்வொரு வருஷமும் 20 கிளப் பயிற்சியாளர்களுக்கு இடம் உண்டு. கடைசி நாள் உலகத்தின் முதல் வரிசை வீரர் ரோரி மெக்கில்ராயுடன் ஆடி, 15ஆவது குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டு, 15ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். இங்கே மெம்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பி என் போன் நிரம்பிவிட்டது. கிளப் பயிற்சியாளனுக்கு ஆட்டம் தெரியும் என்று நிரூபிக்க உலகத்துக்கு அப்படி ஒரு அடி வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அவர் சொல்லிக்கொடுத்துக் கழித்த வருஷங்களைப் பற்றி அனுப்பியவர்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

இந்த வருஷம் கேடிகள் போட்டிக்குத் தேதி கேட்டு மூன்று கடிதம் கொடுத்துவிட்டேன். பதில் இல்லை. கிளப் பரிசு கொடுக்காவிட்டால் போகட்டும் என்று நேற்று நாகர்கோவிலில் ஒரு பாத்திரக்கடையில் 5 லிட்டர் குக்கர் ஒன்றும் 3 லிட்டர் இரண்டும் வாங்கிவிட்டேன். கயிறு போட்டுக் கட்டி நடையில் வைத்திருப்பதைப் பார்த்து அம்மா கேட்டாள்: "எதுக்கு மக்களே இத்தன குக்கரு?" சொன்னேன். "அந்த அண்ணனுக்கு ஒண்ணு சும்மா குடுத்திரப்படாதா?" என்றாள். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார் அம்மா, ஆடித்தான் வாங்குவார்.

நாளைக் காலை இரணியலில் ரயில். கமிட்டி தேதி தருகிறவரை மூன்று குக்கரும் என் பயிற்சி அறை மேஜைமேல்தான் இருக்கும். பாடம் கேட்க வருகிற ஒவ்வொரு மெம்பரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் மட்டையைப் பிடிக்க வேண்டும்.