டம்ப் படித்துத் தேறினால் சான்றிதழ் பறிபோகாதா?

“சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் கணினி நெட்வொர்க் சான்றிதழ்) தேர்வுக்கு டம்ப் வாங்கி மனப்பாடம் செய்வது பழைய வினாத்தாளைப் படிப்பது போன்றதுதான், தேறிவிட்டால் சான்றிதழை யாரும் பறிக்க முடியாது” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. டம்ப் என்பது, வினாக்களை வெளியிட மாட்டேன் என்று சிஸ்கோவின் ஒப்பந்தத்தை ஏற்றுத் தேர்வெழுதியவர் அதை மீறிக் கசியவிட்ட வினா-விடைத் தொகுப்பு. முறைகேடு உறுதியானால் சான்றிதழை ரத்துசெய்யவும், மேற்கொண்டு தேர்வெழுதத் தடை விதிக்கவும் அதே ஒப்பந்தம் இடமளிக்கிறது.

அது போகட்டும். /26 சப்நெட்டில் (64 முகவரிகள் கொண்ட நெட்வொர்க் பகுதியில்) எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம் என்று நேர்முகத்தில் கேட்டால், 64-இல் கருவிகளுக்குத் தர முடியாத நெட்வொர்க் முகவரியும் பிராட்காஸ்ட் முகவரியும் கழிய 62 என்று கணக்குத் தெரிந்தவர் சொல்லிவிடுவார். டம்ப் படித்தவருக்கோ விடை ‘சி’ என்பது மட்டுமே நினைவிருக்கும். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் சான்றிதழுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் அந்த ‘சி’யும் கிடையாது, லினக்ஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டி, கொடுத்த வேலையை முடித்துக் காட்ட வேண்டும்.