கொடுத்த கட்சிக்குப் பேசத் தெரியும், சொந்தக் கருத்தைச் சொல்ல?

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச வராது என்று யாரும் சொல்ல முடியாது. 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த வீடுகள். இலக்கிய மன்றப் போட்டியில் எந்தக் கட்சியைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் தயாராகி வெளுத்து வாங்குவார்கள். அதே பிள்ளையிடம் "விடுதிக் கட்டணம் ஏறியிருக்கே, நீ என்னப்பா நினைக்கிறே?" என்று கேளுங்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல சார்" என்று நழுவிவிடும்.

குறை பிள்ளைகளிடம் இல்லை. பட்டிமண்டபத்தில் கட்சியைப் பிரித்துக் கொடுப்பதும் அடுத்தவர், தீர்ப்புச் சொல்வதும் அடுத்தவர். பேசியவர் தன் பேச்சுக்குப் பொறுப்பேற்க வேண்டியதே இல்லை. தமிழ் பழக அருமையான வழிதான். ஆனால் தன் கருத்தைத் தன் பெயரில், எதிரில் இருப்பவர் முகம் பார்த்துச் சொல்ல அது பழக்காது. அதற்குத் தனியாக இடம் வேண்டும். துறை மன்றத்திலேயே தொடங்கலாம்.

ஒரு பாடவேளை அளவு, 50 நிமிடம் போதும். எட்டுப் பேர், ஆளுக்கு 3 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி. 40 நிமிடம் ஆயிற்று. மீதி 10 நிமிடம் அதுவரை வாய் திறக்காதவர்களுக்கு. நடுவர் வேண்டாம், நேரம் பார்க்க ஒருவர் இருந்தால் சரி. பேராசிரியர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் வகுப்பே அவர் பக்கம் சாயும், இன்டர்னல் மார்க் அவர் கையில் அல்லவா? செல்போனில் பதிவு செய்யவும் கூடாது. இருபது விநாடியை வெட்டி எவனாவது குரூப்பில் போட்டுவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

கூட்டத்தை மாலை 4 மணிக்கு வைக்காதீர்கள். விடுதிப் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, ஒரு பஸ்ஸை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். அப்புறம் "பொண்ணுங்க அரசியல் பேச வர்றதில்ல" என்று குறை சொல்வது அநியாயம். மதிய இடைவேளையில் வையுங்கள். டிபன் பாக்ஸோடு வரட்டும்.

கோரிக்கை என்றால் மனுதான். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. குடிநீரையும் தேர்வுக் கட்டணத்தையும் பஸ்ஸையும் ஒன்றாக எழுதினால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் கோரிக்கையை எழுதுங்கள். வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தை எதனோடும் சேர்த்துவிட முடியும். பெயர், துறை, ஆண்டு போதும், செல் நம்பர் வேண்டாம். முதல் கையெழுத்துப் போட்டவரைத்தான் அறைக்குக் கூப்பிடுவார்கள், அதனால் பெயர்களை அகர வரிசையில் அடுக்குங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்க்கும் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தரப் பார்க்க வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். முத்திரைத் தேதி இல்லாமல் அந்த நாட்களை எங்கிருந்து எண்ணுவீர்கள்?

சுவரொட்டியைக் கையால் எழுதுங்கள். கடைச் சார்ட் 22-க்கு 28 அங்குலம். பத்தடி தள்ளி நின்று படிக்க எழுத்து ஓரங்குல உயரமாவது இருக்க வேண்டும். அப்படி எழுதினால் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் கொள்ளாது, அதுவும் நல்லதுதான். ஸ்கெட்ச் பேனா ஐப்பசிச் சாரலில் கரைந்து வழியும், பெர்மனென்ட் மார்க்கர் நிற்கும். சுவரில் பசை தடவாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு காகிதத்தோடு பெயர்ந்து வரும், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அட்டையில் ஒட்டிச் சணலால் கட்டுங்கள். கீழே பெயரும் தேதியும் கட்டாயம்.

ஐப்பசியில் இன்னொன்றும் வரும். குருபூஜை நாட்களை ஒட்டிக் கைகளில் கலர் கலராகச் சாதிக் கயிறு ஏறும். அதையும் கருத்துரிமை என்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். கருத்து என்றால் எதிரில் இருப்பவர் மறுக்கலாம், நாம் மாற்றிக்கொள்ளலாம். பிறப்பைச் சொல்லும் கயிற்றை மறுப்பது எப்படி? அது யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. கல்வி நிலையங்களில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது சரியே.

நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டும். "தேர்தல் வைத்தால் அடிதடி" என்பது பழைய சாக்கு. மாணவர் தேர்தலுக்காக 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழு விதிகளில் வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள், அச்சிட்ட போஸ்டர் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, பத்து நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. 1989 முதல் 18 வயதில் நாட்டுக்கே ஓட்டுப் போடும் பிள்ளைகள் இவர்கள். துறைத் தலைவர் கைகாட்டும் ஆளை மாணவர் பிரதிநிதி என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.

தேர்தலுக்கு நாளாகும் என்றால் முதலில் ஒரு பலகை மாட்டுங்கள். எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டில் ஆறு சார்ட் கிடைவாக்கில் நிற்கும். மழை படாத தாழ்வாரத்தில், பஸ்ஸுக்குப் போகிற வழியில் இருக்கட்டும். ஒரு சார்ட்டுக்கு ஏழு நாள். எழுதியவரே வந்து கழற்ற வேண்டும், அதுவரை வேறு யாரும் கை வைக்கக் கூடாது, முதல்வர் உட்பட.