கோபுரச் சின்னம் போட்டு வந்த மெசேஜ்

பாபநாசம் பக்கத்திலிருந்து பெரியம்மா போன் பண்ணினார். "தம்பி, இன்சூரன்ஸ் கார்டு இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட கேன்சலாமே? பெரியப்பாவுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கேப்பா!"

எதையும் தொடாமல் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பெயர், அடியில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது தொட்டால் போனில் ஆப் ஏற்றிவிடும் ஃபைல். தமிழில் ஒரு பிழை இல்லை. எழுத்துப்பிழையை வைத்து மோசடியைப் பிடித்த காலம் மலையேறிவிட்டது. (நம்ம ஊர் அறிவிப்புப் பலகைகளில் இதைவிடப் பிழை அதிகம்.)

நான் பார்ப்பது அவசரத்தைத்தான். அந்தக் கார்டுக்குப் பெரியப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று, ரேஷன் கார்டு, ஆதார், அப்புறம் நேரில் போய் வரிசை. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் கார்டுக்கு இத்தனை நடை நடக்கவைத்த அரசாங்கம், ராத்திரிக்குள் ஃபைலை இன்ஸ்டால் பண்ணு என்று வாட்ஸ்அப்பில் வந்து நிற்குமா? பண்ணியிருந்தால் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போயிருக்கும். அறுப்பு முடிந்து நெல் போட்ட பணம் அந்த போன் நம்பரோடு சேர்ந்த பேங்க் கணக்கில்தான் கிடந்தது.

எங்கள் தெருப் பெண்ணுக்கு வந்தது இதைவிடத் தந்திரம். பிரசவமாகி இரண்டு மாதம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக வரும். அதற்காகக் காத்திருந்தவளுக்கு ஒரு போன். பேர், பிள்ளை பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னானாம். பிறகு நம்பாமல் எப்படி இருப்பாள்? க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் பணம் ஏறும் என்றான். ஏறவில்லை, இறங்கியது. பின் நம்பர் பணம் கொடுக்கத்தான், வாங்க அது வேண்டவே வேண்டாம்.

"படிச்ச பொண்ணுதானே, இதுகூடத் தெரியாதா" என்று தெருவே பேசியது. எனக்கு அதுதான் ஆத்திரம். அந்தப் பேச்சுக்குப் பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்திருந்தால், பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும்.

எஸ்எம்எஸ்ஸாக வந்தால் அனுப்பியவர் பெயரின் கடைசியில் பாருங்கள். 2025 முதல் அரசுச் செய்திகளுக்கு அங்கே ஆங்கில 'ஜி' எழுத்து வருகிறது. கார்டைப் பற்றிச் சந்தேகமா, மெசேஜில் இருக்கும் நம்பருக்குப் பேசாதீர்கள். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

மறுநாள் பிரஷர் மாத்திரை கொடுக்க வந்த அக்காவிடம் பெரியம்மா இந்த மெசேஜைக் காட்டியிருக்கிறார். அவர் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சிரித்தாராம்: "எனக்கும் இது வந்துச்சும்மா. எனக்குக் கார்டே கிடையாது."