உச்சிக்குழி மூடாத நாய்

போன வாரம் மிளகு என்ற நாயின் படத்தைப் போட்டிருந்தேன். என் உள்ளங்கையில் அது சுருண்டு படுத்திருக்கும் படம். அன்றிலிருந்து 11 பேர் உள்பெட்டிக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்: எங்கே வாங்கினீர்கள், என்ன விலை? ஒருவருக்கும் நான் பதில் அனுப்பவில்லை, அனுப்பப் போவதும் இல்லை. படத்தையும் எடுத்துவிட்டேன். காரணத்தை எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

மிளகு என் தம்பி மகளுடைய நாய். சிவாவா இனம். தண்டையார்பேட்டையில் அவர்கள் மாடியில், நான் கீழே. டீக் கோப்பைக்குள்ளேயே அடங்கும் 'டீக்கப்' நாய் என்ற விளம்பரத்தை இணையத்தில் பார்த்து, தம்பியின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். மூன்று மாதக் குட்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பால் பல்லே இன்னும் முழுதாக முளைக்கவில்லை, தாயிடம் இருக்க வேண்டிய குட்டி இது என்றார். கைக்கு அடக்கமாகத் தெரிய வேண்டுமே, அதற்காகப் பால் மறக்கும் முன்பே பிரித்துவிட்டார்கள்.

இப்போது மிளகுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. எடை 1 கிலோ 100 கிராம். அதன் உச்சந்தலையில் விரலை வைத்தால் எலும்பு தட்டுப்படாது. தோலுக்கு அடியில் மெத்தென்று ஒரு பள்ளம், அதற்குள் ஒரு துடிப்பு. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி என்று சொல்லி, எண்ணெய் வைக்கும்போது கூட விரல் அழுந்தாமல் பார்த்துக்கொள்வோம் இல்லையா, அதேதான். குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்ளும். மிளகுக்கு இனி மூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ஆசையாகத் தலையைத் தடவ வந்தால் என் தம்பி மகள் தன் கையைக் குறுக்கே வைத்துக்கொள்கிறாள். நாய் இனங்களுக்கு இலக்கணம் வகுக்கும் அமெரிக்கக் கென்னல் கிளப்பின் விதிப்படி சிவாவாவுக்கு இந்தக் குழி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேசக் கூட்டமைப்போ, குழி மூடாத நாயைக் கண்காட்சியிலிருந்தே தகுதிநீக்கம் செய்கிறது. தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பவள் என்ற முறையில், இரண்டாவது விதிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு மாடியிலிருந்து அழுகைச் சத்தம். "அத்தை, மிளகு எழுந்திருக்கவே இல்லை, வாருங்கள்." அன்று மாலை வீட்டில் விருந்தாளிகள். அந்தப் பரபரப்பில் அது ஒரு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஈரத் துணி போலத் துவண்டு கிடந்தது. ஈறு வெளுத்து, கால்கள் ஜில்லிட்டிருந்தன. மருத்துவர் தொலைபேசியில் சொன்னபடி தேனை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். வாயில் ஊற்றிவிடாதீர்கள், புரையேறிவிடும் என்றார். கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். வழி முழுவதும் அவள் அதைத் தன் வயிற்றோடு அணைத்துச் சூடு கொடுத்துக்கொண்டே வந்தாள். பேசின் பாலம் தாண்டும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதாம். உடம்பு இவ்வளவு சிறிதாக இருந்தால் கல்லீரலில் சர்க்கரையைச் சேர்த்துவைக்க இடம் போதாது, உடல் சூடும் சீக்கிரம் வெளியேறிவிடும். எங்கள் தெருவில் இருக்கும் கருப்பன் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் மறுநாள் வாலாட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

அதோடு முடியவில்லை. முழங்கால் சில்லு அடிக்கடி விலகுகிறது. உணர்ச்சிவசப்பட்டால் மூச்சுக்குழாய் ஒடுங்கி, வாத்து கத்துவது போல இருமுகிறது. ஓநாய்க்கும் 42 பல், வளர்ந்த நாய் எதுவானாலும் 42 பல். மிளகின் தாடையோ என் கட்டைவிரல் நீளம். அத்தனையும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சோபாவிலிருந்து குதித்து முன்னங்கால் எலும்பு முறிந்த இப்படிப்பட்ட நாய்கள் இரண்டை அந்த மருத்துவமனையிலேயே பார்த்தேன்.

'டீக்கப்' என்று ஓர் இனமே கிடையாது. பெரிய கென்னல் கிளப் எதுவும் அப்படி ஒன்றை ஏற்கவில்லை. அது விற்பவர்கள் வைத்த பெயர். ஓர் ஈத்தில் நோஞ்சானாகப் பிறந்த குட்டியை எடுத்து, வேறோர் ஈத்தின் நோஞ்சானோடு சேர்த்து, அதில் பிறப்பதிலும் சிறியதைப் பொறுக்கிக்கொண்டே போகிறார்கள். சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தார்கள் நம் ஊர்க்காரர்கள்; ஓட முடியாத நாயை இனத்துக்கு விடுவார்களா? சிறிதாக்கும் மோகம் இன்று வந்ததும் இல்லை. விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்ற பொமரேனியனைக் கொண்டுவந்தார். ஐந்தரைக் கிலோ இருந்த அதுவே அன்றைக்குச் சிறிய நாய். அதன் பிறகு இங்கிலாந்தில் அந்த இனம் பாதியாகச் சுருங்கியது. நான் சிறுமியாக இருந்தபோது கொருக்குப்பேட்டை லைன் வீட்டில் 'பொமரேனியன்' என்று சொல்லி நாங்கள் வளர்த்த ஜிம்மி, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். தயிர்ச்சோறு தின்றே 14 வருடம் இருந்தது. ஒரே அறை கொண்ட வீட்டில் ஆறு பேரோடு அதற்கும் இடம் இருந்தது. எனவே, சின்ன வீட்டுக்குச் சின்ன நாய்தானே சரி என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஐந்து கிலோ நாய் போதாதா? ஒரு கிலோவில் எதற்கு?

காசிமேட்டில் வஞ்சிரம் பெரிதாக ஆக விலை ஏறும். இந்த வியாபாரத்தில் குட்டி சிறுக்கச் சிறுக்க விலை ஏறுகிறது. "இதைவிடச் சின்னது இருக்கிறதா?" என்று கேட்கும் ஒவ்வொருவரும் அந்த விலையை ஏற்றிவிடுகிறோம். நான் உட்பட. மிளகு வந்த புதிதில் அதைக் கோப்பைக்குள் உட்காரவைத்துப் படம் எடுத்தவள் நான்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி விதிகளின்படி, இனவிருத்தி செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டை நாய்க்குப் 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. ஆனால் இவற்றுக்கெல்லாம் தாயான 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டத்தில், முதல் முறை வதை செய்து பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. ஜெர்மனியில், பிறக்கும் குட்டி உடற்குறையால் அவதிப்படும் என்று தெரிந்தே இனவிருத்தி செய்வதைச் சட்டம் தடுக்கிறது. 'வதை இனவிருத்தி' என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும்.

போன மாதம் மிளகின் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, விற்றவர் வீட்டுக்கே போனேன். கணவரை இழந்தவர்; குட்டி விற்ற பணத்தில்தான் மகனைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். காபி கொடுத்து அன்பாகத்தான் பேசினார். அவருடைய கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. தாய் நாய் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் படுத்திருந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். தூக்கினேன். அடிவயிற்றில் ரோமம் முளைக்காத நீளமான தழும்பு, அதன் ஓரத்தில் இன்னொரு தழும்பு. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். தானாகப் போட முடியாது. மூன்று ஈத்தையும் அறுத்துத்தான் எடுத்தோம் என்றார். கையில் வைத்திருந்த நேரம் முழுவதும் அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

இதை எனக்குக் கொடுத்துவிடுங்கள், குட்டிக்குக் கேட்கும் விலையையே தருகிறேன் என்றேன். இன்னும் ஓர் ஈத்து முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அது பருவத்துக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் அவர் வீட்டுக்குப் போகிறேன்.