மைக்கேல் ஜாக்சனோட காலைப் பாத்தோம், தொண்டைய விட்டுட்டோம்

நம்ம வேலூர் பக்கம் மைக்கேல் ஜாக்சன்னு பேரை எடுத்தா போதும், ஒருத்தன் எழுந்து பின்னாடி வழுக்கினே போவான், இன்னொருத்தன் இல்லாத தொப்பிய சாய்ச்சுப் பிடிப்பான், அவ்ளோதான் அந்தாளைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது. ஸ்கூல் ஆனுவல் டேல இருந்து குடியாத்தம் சிரசு திருவிழா ராத்திரி கச்சேரி வரைக்கும் எல்லாம் காலுதான். அந்தாளு பாடினதைப் பத்தி யாரும் வாய தொறக்கறதே இல்ல. இப்ப எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு தம்பி "அண்ணே அவரு டான்சர் தானே, வாய்ஸ் எல்லாம் ஸ்டுடியோல செட் பண்ணிடுவாங்க"ன்னு போட்டுட்டு சிரிப்பு பொம்மை வேற அனுப்பியிருக்கான். அதுக்கு குரூப்ல ரெண்டு வரி எழுதினா எனக்கு ஆறாது, அதான் இங்க வந்துட்டேன். நீளமா போகும், இஷ்டம் இருக்கறவங்க படிங்க.

நமக்குப் பொழப்பு சவுண்ட் சர்வீஸ். எங்க அப்பா காட்பாடில குழாய் ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வெச்சு ஆரம்பிச்சது. மிக்சர் பின்னாடி நின்னுனு இருக்கறவனுக்கு, பாடறவர் நெஜமா பாடறாரா இல்ல எக்கோ மேல ஏறி உக்காந்துனு வர்றாரான்னு ரெண்டு வரில தெரிஞ்சிடும். கச்சேரிக்கு வர்றவங்கள்ல பாதி பேர் மேடை ஏறினதும் மொத வார்த்தையே "அண்ணே, கொஞ்சம் எக்கோ ஏத்துங்க"தான். ஏத்திவிடுவோம், வேற இன்னா பண்றது, பேலன்ஸ் பணம் அவங்க கைலதானே இருக்கு.

மொதல்ல தேதிய பாத்துடுவோம். அவரோட பெரிய ஹிட்டான த்ரில்லர் ஆல்பம் கடைக்கு வந்தது 1982 நவம்பர் கடைசில. அமெரிக்கால பில்போர்டு பத்திரிகை போடற ஆல்பம் லிஸ்ட்ல முதல் இடத்துக்கு ஏறினது 1983 பிப்ரவரி கடைசி. அந்த ஆல்பத்துல வர்ற பில்லி ஜீன் பாட்டோட வீடியோவ எம்டிவிங்கற பாட்டு சேனல் ஓட்ட ஆரம்பிச்சது அதுக்கப்புறம், மார்ச்ல, அதுவும் கறுப்பர் பாட்டை ஒழுங்கா போடாத சேனல், கம்பெனிக்காரங்க சண்டை போட்டுதான் போட வெச்சாங்கன்னு சொல்வாங்க. அந்த வழுக்கு நடைய, அதான் மூன்வாக்கை, ஜனங்க டிவில பாத்தது மே 16. பேயெல்லாம் குழில இருந்து எழுந்து வந்து ஆடற அந்தப் பதினாலு நிமிஷ வீடியோ டிசம்பர்ல, அதாவது ஆல்பம் வந்து ஒரு வருஷம் கழிச்சு. ஆக, மூன்வாக் என்னன்னே தெரியாத ஜனங்கதான் ஆல்பத்தை முதல் இடத்துக்கு ஏத்தி விட்டாங்க. எதைப் பாத்து ஏத்தினாங்க? காதால கேட்டுதான். பின்னாடி வீடியோவும் டான்ஸும் சேர்ந்துதான் உலகத்துலயே அதிகமா வித்த ஆல்பம்ங்கற எடத்துக்கு இழுத்துனு போச்சு, அதை நான் மறுக்கல. ஆனா மொத ஏணிய வெச்சது குரல்தான்.

அதுக்கு முன்னாடி 1979ல ஆஃப் த வால்னு ஒரு ஆல்பம் நல்லா ஓடுச்சு, ஆனா கிராமிங்கற பெரிய மியூசிக் அவார்டு விழால ஒரே ஒரு அவார்டு குடுத்து ஓரமா உக்கார வெச்சிட்டாங்க. அந்தக் கடுப்புலதான் அடுத்தது எப்படி இருக்கணும்னு அவரு முடிவு பண்ணாரு. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ், சவுண்ட் இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன், பாட்டெழுத இங்கிலாந்துக்காரர் ராட் டெம்பர்டன், ஆஃப் த வால்ல இருந்த அதே செட்டு. 1982 ஏப்ரல்ல லாஸ் ஏஞ்சல்ஸ் வெஸ்ட்லேக் ஸ்டுடியோல ஆரம்பிச்சு நவம்பர் வரைக்கும் இழுத்தாங்க. செலவு ஏழரை லட்சம் டாலர். மொத்தம் 9 பாட்டு, 42 நிமிஷம், அதுல நாலு பாட்டு மைக்கேல் தானே எழுதினது.

இப்ப அந்தத் தம்பி சொன்ன "செட் பண்ணிடுவாங்க"வுக்கு வர்றேன். சுருதி தப்பினா கம்ப்யூட்டர்ல சரி பண்ற ஆட்டோட்யூன் எல்லாம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி இது. பாடற நாள்ல மைக்கேல் சேத் ரிக்ஸ்னு ஒரு வாத்தியார் கிட்ட தொண்டைக்குப் பயிற்சி எடுத்துட்டுதான் மைக் முன்னாடி வருவாரு, இத்தனைக்கும் சின்னப் பையனா இருந்தப்பவே உலகம் பூரா பேர் வாங்கின ஆளு. லைட்டை அணைச்சிட்டு இருட்டுல பாடுவாரு. ஸ்வீடியன் பலகைல ஒரு மேடை மாதிரி போட்டு அது மேல நிக்க வெப்பாரு, பாடும்போது கால் தட்டும், விரல் சொடக்கும், வாய்லயே சின்னச் சின்ன சத்தம் வரும், வேற இன்ஜினியரா இருந்தா "தம்பி ஆடாம பாடு"ன்னு சொல்லியிருப்பாரு, இவரு அதை அப்படியே டேப்ல விட்டு வெச்சாரு. ஹெட்போன் போட்டு கேட்டா இன்னைக்கும் அந்தக் கால் சத்தம் கேக்கும். ஆக, ஆட்டமே பாட்டுக்குள்ளதான் இருக்கு, நாம அதை வெளிய தேடினு இருக்கோம்.

ஹார்மனி, அதாவது மெயின் குரலுக்குத் துணையா சேர்ந்து வர்ற குரல் பாடறதுக்கு ஒரு வேலை பண்ணாங்க பாருங்க, தொழில்காரனா எனக்கு ரொம்ப புடிச்சது அதுதான். ஒரு வரிய மைக் கிட்ட நின்னு பாடுவாரு. அதையே அச்சு பிசகாம மறுபடி பாடுவாரு. அப்புறம் ரெண்டு அடி பின்னாடி போய் அதே வரிய இன்னொரு தடவை, இந்தத் தடவை ரூமோட சத்தமும் சேர்ந்து மைக்ல விழும். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா ஒரு ஆழம் வரும் பாருங்க, அதை எந்த எக்கோ பட்டனும் குடுக்காது. ஆனா மூணு தடவையும் ஒரே மாதிரி மூச்சு, ஒரே மாதிரி இழுப்பு வரணும், இல்லன்னா கச்சடாவா கேக்கும். டான்சரை கூட்டினு வந்து பண்ற வேலையா இது? அவரு பாடின மைக்கு ஷ்யூர் எஸ்எம்7, பெரிய தங்க மைக் ஒண்ணும் இல்ல, அதோட அடுத்த மாடலைத்தான் இன்னைக்கு யூடியூப்ல பாட்காஸ்ட் பண்றவங்க எல்லாம் மூஞ்சிக்கு முன்னாடி தொங்க விட்டுனு இருக்காங்க. மைக் ஒண்ணேதான், தொண்டைதான் வேற.

பில்லி ஜீன் பாட்டுல ஆரம்ப மியூசிக் ரொம்ப நீளம், வெட்டுன்னு குயின்சி சொல்லியிருக்காரு. மைக்கேல் ஒத்துக்கல, அதைக் கேட்டாதான் எனக்கு ஆடணும்னு தோணுதுன்னுட்டாரு. அதே பாட்டை ஸ்வீடியன் 91 தடவை மிக்ஸ் பண்ணாரு, அதாவது குரலையும் வாத்தியத்தையும் அளவு பாத்து சேர்த்தாரு, கடைசில எடுத்து வெச்சது ரெண்டாவது மிக்ஸ். இதைப் படிச்சிட்டு நான் வாய்விட்டு சிரிச்சேன், ஏன்னா எங்க தொழில்ல தினமும் இதான் நடக்குது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஃபேடரை ஏத்தி எறக்கி ராத்திரி பூரா நோண்டிட்டு கடைசில மொதல்ல வெச்ச எடத்துலயே வந்து நிக்கும். ஒரு வரிக்கு அட்டைக் குழாய் ஒண்ண வாய்ல வெச்சு பாட வெச்சிருக்காங்க, வித்தியாசமா ஒரு சத்தம் வேணும்னு. பீட் இட் பாட்டுக்கு ஆல்பம் அட்டைல மைக்கேல் பேருக்கு நேரா டிரம் பொட்டிய அடிச்சவர்னு சீரியஸா கிரெடிட் போட்டிருக்காங்க. அதே பாட்டுல கிடார் சோலோ வாசிச்ச எடி வான் ஹேலன் ஒரு பைசா வாங்கல. த்ரில்லர் பாட்டுல வர்ற ஓநாய் ஊளைக்கு ஸ்வீடியன் தன் வீட்டு நாய ஊளை விட வெச்சு ரெக்கார்டு பண்ணப் பாத்தாராம், அது வாயே தொறக்கல, கடைசில மைக்கேலே ஊளை விட்டாரு. அந்தப் பாட்டுக்கு கடைசில பேய்க்குரல்ல பேசற வின்சென்ட் பிரைஸ் ஸ்டுடியோவுக்கு வந்துனு இருக்கும்போது, டெம்பர்டன் டாக்சில உக்காந்து அந்த வசனத்தை எழுதினு வந்திருக்காரு.

அதே ஆல்பத்துல ஹியூமன் நேச்சர்ங்கற பாட்டு வந்த கதை இன்னும் நல்லா இருக்கும். டோட்டோ பேண்டு டேவிட் பெயிச் குயின்சிக்கு ஒரு கேசட் அனுப்பறாரு. அதுல அவரு குடுத்த பாட்டு எதுவும் குயின்சிக்கு ஒட்டல. ஆனா கேசட்டை நிறுத்தாம விட்டுட்டாரு, அது பாட்டுக்கு ஓடினே இருந்து கடைசில ஸ்டீவ் போர்கரோ அரைகுறையா பாடி வெச்சிருந்த ஒரு ட்யூன் வருது. அவ்ளோதான், இதான் வேணும்னுட்டாரு. அப்புறம் ஜான் பெட்டிஸை வெச்சு வரி எழுத வெச்சாங்க. இன்னைக்கு பத்து செகண்ட்ல விரலால தள்ளிட்டுப் போற நமக்கு அந்த மாதிரி பாட்டு மாட்டுமா சொல்லுங்க.

சரி, மெயின் மேட்டர். எல்லாம் முடிஞ்சுது. கம்பெனி தேதி சொல்லி கழுத்துல உக்காந்துனு இருக்கு. கடைசி நேரத்துல ஒரே சமயத்துல மூணு ரூம்ல வேலை, ஒண்ணுல எடி வான் ஹேலன், இன்னொண்ணுல மைக்கேல், இன்னொண்ணுல மிக்ஸிங். விடிய விடிய வேலை பாத்து, தட்டுல வெட்டறதுக்கு கடைசியா சத்தத்தைச் சரி பண்ற மாஸ்டரிங்கையும் பண்ணி ரெக்கார்டை எடுத்துனு வந்து எல்லாரும் உக்காந்து கேக்கறாங்க. நாசமா இருக்கு. பாட்டு மோசம் இல்ல, சத்தம் மோசம். எல்பிங்கற பெரிய இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு இவ்ளோ நேரம்தான்னு கணக்கு இருக்கு, சுமார் இருபது நிமிஷம் தாண்டினா பள்ளத்தை நெருக்கி நெருக்கி வெட்டணும், நெருக்கினா அடிச்சத்தம், அதான் பேஸ், போயிடும், சத்தம் சின்னதா ஆயிடும். நம்ம ஊர்ல கேசட் ரெக்கார்டிங் கடைல 60, 90ன்னு கேசட் வாங்கி லிஸ்ட் எழுதிக் குடுத்தவங்களுக்கு நேரக் கணக்கு தெரியும், ஆனா அங்க டேப் தீர்ந்தா கடைசிப் பாட்டு பாதில நிக்கும், அவ்ளோதான். எல்பில கணக்கு தப்பினா அந்தப் பக்கத்துல இருக்கற அத்தனை பாட்டும் செத்துடும். இவங்க ஆசைல நீளநீளமா வெச்சிட்டாங்க.

மைக்கேல் அழுதுட்டு ரூமை விட்டே வெளிய போயிட்டாரு. இதை வெளியிட மாட்டேன்னுட்டாரு. இங்கதான் எனக்கு அந்த டீம் மேல மரியாதை வருது, ஏன்னா அந்த எடத்துல "பரவால்ல, ஜனங்களுக்கு என்ன தெரியப்போவுது, கடைல இறக்கு"ன்னு சொல்ல ஆயிரம் காரணம் இருந்துச்சு. தேதி போச்சு, பணம் போச்சு, எல்லாருக்கும் தூக்கம் போச்சு. அவங்க ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வந்து, ஒரு நாளைக்கு ஒரு பாட்டுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சு திரும்ப மிக்ஸ் பண்ணாங்க. மைக்கேல் முன்னாடி வெட்ட விடாத பில்லி ஜீன் ஆரம்பத்துலயே கொஞ்சம் வெட்டினாங்க, த லேடி இன் மை லைஃப் பாட்டுல ஒரு சரணமே போச்சு. நல்லா பாடி வெச்ச சரணத்தைத் தூக்கிப் போடறதுக்கு மனசு வேணும்ங்க. இங்க ஒரு கச்சேரில ஒரு பாட்டைக் குறைங்கன்னா பாடகரு மூணு மாசம் நம்ம கூட பேச மாட்டாரு.

நம்ம ஊர்ல இப்ப இன்டி ஆல்பம், பக்தி ஆல்பம்னு நெறைய பசங்க பண்றாங்க, சந்தோஷம். ஆடி மாசம் வந்தா அம்மன் பாட்டே எத்தனை புதுசு வருது. என் கிட்ட பென்டிரைவ்ல எடுத்துனு வந்து "அண்ணே திருவிழால போடுங்க"ன்னு குடுப்பாங்க. போட்டா குரல் பம்பைக்கு அடில மாட்டினு கெடக்கும். எங்க மிக்ஸ் பண்ணீங்க, பெரிய பாக்ஸ்ல கேட்டீங்களான்னா, இல்லண்ணே லேப்டாப்ல கேட்டோம், நல்லா இருந்துச்சு, வெள்ளிக்கிழமை ரிலீஸ் சொல்லிட்டோம்ங்கறாங்க. பசங்க தெறமைசாலிங்கதான், குரல் எல்லாம் தங்கமா இருக்கு. "இது சரியில்ல, திரும்ப பண்ணு"ன்னு சொல்ல ஒரு ஆளு கூட இல்ல, அதான் பிரச்சனை. போஸ்டர் டிசைன் பண்றவருக்கு எவ்ளோ குடுக்கறாங்களோ அதுல பாதி கூட மிக்ஸ் பண்றவனுக்கு குடுக்கறது இல்ல. பட்ஜெட் இல்லன்னு சொல்லாதீங்க. அந்த ஏழரை லட்சம் டாலர்ல நான் காப்பி அடிக்கச் சொல்றது ஸ்டுடியோவ இல்ல, முடிஞ்சதுன்னு நெனச்சதை இன்னொரு தடவை ஒக்காந்து கேட்டாங்க பாருங்க, அதுக்கு டாலர் எதுக்கு.

மத்த கணக்கெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பில்போர்டுல 37 வாரம் முதலிடம், 9 பாட்டுல 7 பாட்டு டாப் டென், 1984 கிராமில ஒரே ராத்திரி 8 அவார்டு. ஒரே அவார்டுன்னு கடுப்பான ஆளுக்கு வட்டியோட திரும்பி வந்துச்சு.

குறையே இல்லாத ஆல்பமான்னா, இல்ல. பீட்டில்ஸ் பேண்டுல இருந்த பால் மெக்கார்ட்னி கூட பாடின த கேர்ள் இஸ் மைன் எனக்கு எப்பவும் ஒட்டாது, ரெண்டு பெரிய மனுஷங்க ஒரு பொண்ணுக்காக செல்லமா சண்டை போட்டுக்கற பாட்டு, அதைப் போய் மொத சிங்கிளா, அதாவது ஆல்பத்துக்கு முன்னாடி தனிப் பாட்டா, 1982 அக்டோபர்லயே விட்டாங்க, பில்லி ஜீனை கைல வெச்சுகினு. கம்பெனி மூளை. ஆல்பத்துல மொதப் பாட்டான வான்னா பி ஸ்டார்ட்டின் சம்திங் கடைசில வர்ற அந்த ஆப்பிரிக்கக் கோரஸ் கேமரூன்காரர் மனு திபாங்கோவோட பாட்டுல இருந்து கேக்காம எடுத்தது, கேஸ் ஆகி பின்னாடி பணம் குடுத்து முடிச்சாங்க. அதையும் சொல்லணும்ல, ரசிகன்னா எல்லாத்தையும் மூடி மறைக்கணும்னு இல்ல.

குரூப்ல இருக்கற அந்தத் தம்பி இதைப் படிப்பான்னு தெரியும். வீடியோ வேணாம், ஃபோன் ஸ்பீக்கர் சத்தியமா வேணாம், ஒரு நல்ல ஹெட்போன் போட்டுகினு கடைசிப் பாட்டு த லேடி இன் மை லைஃப் கேளு. சின்ன வால்யூம்லயே கேளு. கடைசில வரி எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தாளு தனியா இழுத்து இழுத்துப் பாடினு போவாரு பாரு, அந்த எடத்துல கால் எங்க இருந்துச்சுன்னு வந்து சொல்லு. ஹெட்போன் இல்லன்னா ஞாயித்துக்கிழமை கடைக்கு வா, பெரிய பாக்ஸ்ல போட்டுக் காட்டறேன், பத்து மணிக்கு முன்னாடி வா, அப்புறம் நான் லோடு ஏத்தினு கிளம்பிடுவேன்.